அந்த ஐந்து புள்ளிகள்

கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன், பார்முலா ஒன் மோட்டார் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர். 2005-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். "ஓடியதே ஆறு வண்டிதானே!" என்று சிலர் இன்றும் ஏளனம் பேசுகிறார்கள். மிஷெலின் டயர் தாங்காதென்று 14 வண்டிகள் ஒதுங்கிக்கொண்டது இவர் குற்றமா? பக்கத்துத் தறிகள் நின்றுவிட்டன என்பதற்காக, நெய்து முடித்தவன் கூலியைக் குறைத்தால் பொதட்டூர்பேட்டையில் யாராவது ஒப்புவார்களா?

அது கிடக்கட்டும். ஜப்பானுக்குப் போய் 2014 முதல் 2018 வரை சூப்பர் பார்முலா பந்தயங்களில் ஓட்டினாரே, அதை எத்தனை பேர் பேசுகிறோம்? 2019 நவம்பரில், ஜப்பானியரும் ஐரோப்பியரும் மோதிய பூஜி பந்தயத்தில், ஹோண்டா வண்டியில் முதலாவதாக வந்தார். அப்போது வயது 42! சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் பார்க்க ஒருகாலத்தில் திரண்டுபோன நம் பக்கத்துக்காரர்களாவது இதை ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா?