எம்டனை வீழ்த்திய நாட்டின் ஓட்ஸ் பிஸ்கட்... முட்டை இல்லாமல் வீட்டிலேயே செய்யலாம்!

'அவன் சரியான எம்டன்' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டுமழை பொழிந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர்தான் எம்டன். அதே ஆண்டு நவம்பர் 9-ம் தேதி, கோகோஸ் தீவு அருகே அதன் கதையை முடித்தது ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல். போருக்குப் புறப்பட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களின் கப்பல்களுக்குக் காவலாக வந்துகொண்டிருந்தது அது.

அந்த வீரர்களின் படைக்கு 'ஆன்சாக்' என்று பெயர். அவர்கள் நினைவாக, ஏப்ரல் 25-ம் தேதியை ஒட்டி இரு நாட்டு வீடுகளிலும் சுடப்படும் ஓட்ஸ் பிஸ்கட்டுக்கும் அதே பெயர்தான்.

முட்டையும் பாலும் சேராததால் இது சீக்கிரம் கெடாது. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கும், கப்பல் வேலைக்குப் போகிறவருக்கும் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பலாம்.

தேவையானவை:

ரோல்டு ஓட்ஸ் - 1 கப்
கோதுமை மாவு அல்லது மைதா - 1 கப்
உலர் தேங்காய்த்தூள் - முக்கால் கப்
நாட்டுச்சர்க்கரை - முக்கால் கப்
வெண்ணெய் - 125 கிராம்
கெட்டி வெல்லப்பாகு - 2 டேபிள்ஸ்பூன்
சமையல் சோடா - அரை டீஸ்பூன்
கொதிக்கும் தண்ணீர் - 2 டேபிள்ஸ்பூன்

செய்முறை:

ஓட்ஸ், மாவு, தேங்காய்த்தூள், நாட்டுச்சர்க்கரையைக் கலந்துகொள்ளவும். வெண்ணெயையும் வெல்லப்பாகையும் சிறு தீயில் உருக்கி இறக்கவும். கொதிநீரில் சோடாவைக் கரைத்து அதில் ஊற்றினால் நுரைத்து வரும். இதை மாவுக் கலவையில் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, லேசாகத் தட்டி, இடைவெளி விட்டுத் தட்டில் அடுக்கவும். 160 டிகிரி சூடேறிய அவனில் 12 முதல் 15 நிமிடங்கள் வைத்தால் பொன்னிறமாகும்.

அவன் இல்லையா? அடிகனமான குக்கரில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, 10 நிமிடங்கள் சூடாக்கவும். பிறகு தட்டை உள்ளே வைத்து, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடங்கள் சுடலாம்.

கவனிக்க:

* எடுத்தவுடன் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று மீண்டும் சுட்டால் கருகிவிடும். ஆறினால் மொறுமொறுப்பாகும்.

* பச்சைத் தேங்காயில் ஈரம் அதிகம். அதைச் சேர்த்தால் பிஸ்கட் சீக்கிரம் கெட்டுவிடும்.

* ராயபுரம், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றில் சட்டென்று நமத்துப்போகும். நன்றாக ஆறிய பிறகே இறுக்கமான டப்பாவில் அடைக்கவும்.

* 'ஓட்ஸ்தானே' என்று சர்க்கரை நோயாளிகள் தட்டைக் காலி செய்துவிட வேண்டாம். நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும்கூட ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவைதான்.