எறிந்த கையும் தூவிய மலரும்

விளையாட்டு வீரர் ஒருவர் மறைந்தால் அவருடைய இரசிகர் கண்ணீர் சிந்துவது இயல்பு. அதனைக் குறைகூறுவார் இலர். ஆயினும், அக்கண்ணீர் எதனை நினைவுகூர்கிறது, எதனை மறைக்கிறது என்று கேட்பதற்கு எவரும் அஞ்சவேண்டியதில்லை. அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்தின் அண்மைக்கால நிகழ்ச்சிகள் இக்கேள்வியை மிகக் கூர்மையாகவே எழுப்பியுள்ளன.

2025 ஆம் ஆண்டு சூலை 27 ஆம் நாள், நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் ஐவர் சேர்க்கப்பட்டனர். அவருள் இருவர் அன்று உயிரோடில்லை. டிக் ஆலன் 2020 டிசம்பர் 7 அன்று, தம் 78 ஆம் வயதில் மறைந்தவர். டேவ் பார்க்கர் விழாவுக்கு ஒரு திங்களே இருக்கையில், சூன் 28 அன்று, 74 ஆம் வயதில் கண்மூடியவர். ஒருவர்க்காக மனைவியும் மற்றவர்க்காக மகனும் மேடையேறிப் பேசினர். கூட்டம் கைதட்டி மகிழ்ந்தது.

இத்தகைய கைகள் முன்னாளில் செய்தது என்ன?

ஆலன் 1963 இல் ஆர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகர அணியில் ஆடிய முதற் கறுப்பின வீரர். மிரட்டல்களுக்கிடையே அவ்வாண்டைக் கழித்தார். 1964 இல் ஃபிலடெல்ஃபியா அணிக்கு ஆடி, அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் என்னும் சிறப்பைப் பெற்றார். அடுத்த ஆண்டு சூலையில் சக வீரரான வெள்ளையர் ஒருவரோடு கைகலப்பு மூண்டது. அவர் ஆலனைப் பந்தடிக்கும் மட்டையாலேயே அடித்தார். அணி அவரை வெளியேற்றியது. ஆனால் நடந்ததை வெளியில் சொல்லக்கூடாதென்று ஆலனின் வாயையும் கட்டிப்போட்டது. உண்மை அறியாத இரசிகர் பழி முழுவதையும் ஆலன் தலையில் சுமத்தினர். அதன்பின் அரங்கிலிருந்து பறந்து வந்தவை பழங்கள், பனிக்கட்டிகள், கைவிளக்குப் பேட்டரிகள்! பந்தடிக்கும் வேளையில் தலைக்கவசம் அணிவது எல்லார்க்கும் வழக்கம். ஆலனோ பந்தைத் தடுத்துப் பிடிக்க நிற்கும்போதும் அதனைக் கழற்றவில்லை. எதிரணியின் பந்துக்கு அஞ்சி அன்று. சொந்த ஊராருக்கு அஞ்சி.

பார்க்கரின் கதையும் வேறன்று. 1977, 1978 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பந்தடிச் சராசரியில் தம் லீக்கின் முதலிடம் பெற்றவர். 1979 இல் பிட்ஸ்பர்க் அணி உலகத் தொடரை வெல்லத் தோள்கொடுத்தவர். பெருந்தொகைக்கு ஒப்பந்தம் பெற்ற கறுப்பரைப் பொறுக்காத மனங்கள் அவ்வூரில் இருந்தன. 1980 சூலை 20 அன்று, சொந்த ஊர் அரங்கிலேயே பேட்டரி ஒன்று அவர் தலையருகே பறந்தது. அவர் அன்றைய ஆட்டத்தைவிட்டே வெளியேறினார்.

இவ்விருவரும் குற்றமற்றவர் என்று சாதிப்பது பொய். ஆலன் ஆட்டத்திற்குக் காலந்தாழ்ந்து வந்ததுண்டு. பார்க்கர் போதைப்பொருள் பயன்படுத்தியதை 1985 இல் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். இக்குறைகள் அவர்களுக்கு வாக்களிக்க வேண்டிய பத்திரிகையாளர்க்கு நன்றாக நினைவிருந்தன. நூற்றுக்கு 75 வாக்குத் தேவைப்படும் தேர்வில், எந்த ஆண்டிலும் இருவரும் 25 ஐக்கூட எட்டவில்லை. வீரரின் பிழைக்கு இத்தனை நீண்ட நினைவு. இரசிகரின் பிழைக்கோ நினைவே இல்லை. இது எந்த நீதி?

பின்னர் 16 பேர் கொண்ட சிறப்புக் குழுவொன்று ஆலனின் தகுதியை ஆராய்ந்தது. தேவை 12 வாக்கு. 2014 இல் கிடைத்தவை 11. 2020 டிசம்பரில் மீண்டும் கூடவேண்டிய குழு, தொற்றுநோயின் காரணமாகக் கூடவில்லை; அம்மாதமே ஆலன் இறந்தார். 2021 இலும் 11 வாக்குகளே. 2024 இல் 13. ஆலன் கடைசியாக ஆடியது 1977 இல். அன்று அவர் கணக்கில் இருந்த 351 ஹோம் ரன்கள் 2024 இலும் 351 தாம். கல்லறையிலிருந்து அவர் ஒரு பந்தும் அடிக்கவில்லை. அப்படியாயின் கூடிய தகுதி எது? இறந்துபோனது ஒன்றுதானே!

கறுப்பின வீரர்க்கெனத் தனியே நடந்த லீக்குகளின் வரலாற்றை வாழ்நாளெல்லாம் பேசிக் காத்த பக் ஓ'நீல் என்பார்க்கு நேர்ந்ததும் இதுவே. 2006 இல் அந்த லீக்குகளைச் சார்ந்த 17 பேர் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். 94 வயதான அவர் விடுபட்டார். ஆயினும் விழாவில் அந்தப் பதினெழுவர்க்காகவும் மேடையேறி வாழ்த்திப் பேசினார். அவ்வாண்டு அக்டோபரில் மறைந்தார். அவர் பெயரை ஏற்க மண்டபத்திற்கு 2021 வரை மனம் வரவில்லை.

இறந்தாரைப் பழிக்கலாகாது என்பர் சிலர். நல்ல பண்புதான். ஆனால் எறிந்த பேட்டரியைப் பேசாது விடுவதால் ஆலனின் பெயர் காக்கப்படுவதில்லை. எறிந்தவர் பெயரே காக்கப்படுகிறது. எறிந்தவர் வேறு, இன்று அழுபவர் வேறு என்பர் வேறு சிலர். இருக்கலாம். எனினும், அணியின் வெற்றிகளைத் தம் பாட்டன் காலத்திலிருந்து உரிமை கொண்டாடும் இரசிகர், அதன் இழிவை மட்டும் அயலார் சொத்தென்று தள்ளிவிடலாமோ? கையறுநிலை பாடுவோர் தம் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது தகும்.

அப்படிப் பார்த்தவரும் இல்லாமலில்லை. ஃபிலடெல்ஃபியா அரங்கின் முன்னாள் தரைப்பணியாளர் ஒருவர், ஆலன் உயிரோடிருந்த காலத்திலேயே, அவருக்கு உரிய இடம் வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்.

1969 இல், இரசிகரின் கூச்சல் உச்சத்தில் இருந்தபோது, ஆலன் தாம் நின்ற இடத்து மண்ணில் காலணியால் சொற்களை எழுதத் தொடங்கினார். ஆட்டத்தின் தலைமை அதிகாரி அதனை நிறுத்தச் சொன்னார். அதற்குமேல் அவர் அம்மண்ணில் எழுதிய சொற்களுள் ஒன்று, "ஏன்?" என்பது. இச்செய்தி இன்று பெரும்பாலும் வேடிக்கைக் கதையாகவே சொல்லப்படுகிறது.