கைடு நம்பரைக் காட்டி மயக்காதீங்கப்பா!

நம்ம வகுப்புப் பையன் ஒருத்தன் ஆறு மாசம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசோட ஃப்ளாஷ் வாங்கப் போனான். எறும்பு, பூச்சியெல்லாம் எடுக்கணுமாம். கடைக்காரர் ஓதின ஒரே மந்திரம்: "கைடு நம்பர் 60 தம்பி!" மொத்தக் காசும் போச்சு. வயித்தெரிச்சல்ல எழுதுறேன்.

அந்த எண், ஃப்ளாஷ் தலையை டெலி பக்கம் முழுசா ஜூம் பண்ணி அளந்தது. கேனன் 580இஎக்ஸையே பாருங்க: 105 மி.மீ.யில 58. அதே ஃப்ளாஷ் 35 மி.மீ.யில வெறும் 36!

எறும்புக்கு எவ்வளவு வேணும்? ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப்/11, ஃப்ளாஷ் 20 செ.மீ. தள்ளி. 11 × 0.2 = 2.2. 1:1 உருப்பெருக்கத்துல ரெண்டு ஸ்டாப் போகும், 4.4. டிஃப்யூசர் இன்னும் ரெண்டு ஸ்டாப் தின்னாலும் 8.8. அவ்ளோதான் சாமி. (எறும்புக்கென்ன கல்யாண மண்டபமா கட்டப் போறோம்?)

சக்தியைக் கையாலயே குறைக்க முடியுற சின்ன ஃப்ளாஷ், அதைக் கேமராவை விட்டு இறக்க ஒரு வயர், பூச்சிக்குப் பக்கத்துல பிடிக்க வெள்ளை டிஃப்யூசர். இது போதும். சக்தி குறையக் குறைய ஃப்ளாஷ் மின்னுற நேரமும் குறையும், கை நடுக்கம் படத்துல தெரியாது. ரிங் ஃப்ளாஷ்தான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்க, வண்டோட முதுகுல விழுற வெள்ளை வளையத்தை ஒருதரம் பார்த்துட்டு வாங்க.

ஒரு இடத்துல கடைக்காரர் கட்சி சரி. உச்சி வெயில்ல எஃப்/2.8ல ஆளை எடுக்க, ஷட்டர் 1/250ஐத் தாண்டணும். ஹை-ஸ்பீட் சின்க் வேணும், அதுல வெளிச்சம் நிறைய விரயமாகும், பெரிய ஃப்ளாஷ் அங்கே உதவும். ஆனா இவன் ஆளையா கேட்டான்? எறும்பைத்தானே கேட்டான்!