கோபாலன் கோப்பை சொல்லும் வழி

1982 செப்டம்பரில் இந்தியாவுடனான தன் முதல் டெஸ்டை இலங்கை சேப்பாக்கத்தில் ஆடியது. துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் தலா 105. டெஸ்ட் அந்தஸ்து கிடைத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஆனால் சென்னை அவர்களுக்குப் புதிய ஊர் அல்ல. 1952-53இலேயே எம்.ஜே. கோபாலன் கோப்பை தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் இலங்கையின் தேசிய அணி, எதிரே மதராஸ் மாநில அணி. ஒரு நாடு போய் ஒரு மாநிலத்தோடு மோதுவதா என்று கொழும்பு முகம் சுளித்திருந்தால், டெஸ்ட் வாசல் திறக்காத அந்த முப்பதாண்டும் வறண்டே போயிருக்கும்.    

வலைப்பந்தில் (நெட்பால்) கதை தலைகீழ். 2022க்குள் ஆறு முறை ஆசியப் பட்டம் வென்றது இலங்கை. இந்த விளையாட்டின் சர்வதேச விதிகளை 1960இல் கூடி வகுத்ததும் அந்த மண்ணில்தான். இங்கே பருத்திப்பட்டிலோ ஆவடியிலோ நெட்பால் என்றால், கூடைப்பந்தா என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

ஆசியாவில் பலமுறை உச்சியைத் தொட்டும் உலக அரங்கில் இலங்கை தடுமாறுகிறது. 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில் அதிக கோல் போட்டவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம்: 348. ஆஸ்திரேலியக் கழகத்தில் ஆடிப் பழகியவர். அணிக்குக் கிடைத்ததோ பதினாறில் பதினைந்தாம் இடம். ஒருவர் மட்டும் வெளியே போய்க் கற்றால் போதாது. அப்படியானால் மொத்த அணியையும் ஒரு பெரிய லீக்கில் சேர்த்துவிடலாமா?

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2008இல் ஐந்தைந்து கழகங்களைச் சேர்த்து ஒரே லீக் நடத்தின. ஒன்பது பருவங்களில் நியூசிலாந்துக் கழகம் ஒன்று வென்றது 2012இல் மட்டுமே. 2016 முடிந்ததும் பிரிந்தார்கள். அதோடு நியூசிலாந்து சரியவில்லை. 2012இல் வென்ற அணியின் பயிற்சியாளர் நோலின் டௌருவா ஆஸ்திரேலியா போய், 2017, 2018 பட்டங்களை அங்கே வென்று, ஊர் திரும்பி 2019 உலகக் கோப்பையை ஆஸ்திரேலியாவிடமிருந்து 52-51 என்று பறித்தார். போய்வரும் பாதை திறந்திருந்தது. சொந்த லீக்கும் பிழைத்தது.

நிரந்தரமாக அடுத்த வீட்டு லீக்கில் குடியேறினால் அந்த வீட்டு அரசியலுக்கும் கட்டுப்பட வேண்டும். 2013 ஐபிஎல்லில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட முடியாமல் போனதை நாமே பார்த்தோம்.

ஆகவே இலங்கை வலைப்பந்துக்கு லீக் இடம் தேடுவதைவிட, கோபாலன் கோப்பை போல ஆஸ்திரேலிய மாநில அணி ஒன்றோடு ஆண்டுதோறும் ஒரு தொடர் போதும் என்பேன். ஒரு வருடம் மெல்போர்ன், மறுவருடம் கொழும்பு. தமிழ்நாட்டு அணிக்கும் இதே வழிதான். தோற்கப்போவது தெரிந்தே கொழும்புக்குக் கப்பலேற வேண்டும், இந்த முறை கற்றுக்கொள்ளும் பக்கமாக.