மலையைக் கொடுத்த நட்பு

நட்பின் அடையாளமாகப் பொன்னும் பொருளும் கொடுத்தோர் உலகில் பலர். தாம் கண்ட மலையையே நண்பருக்குக் கொடுத்தோர் சிலர். சீன ஓவியர் சாவ் மெங்ஃபூ அச்சிலருள் ஒருவர். அவருடைய நண்பர் சோவ் மி என்பாரின் முன்னோர் வடபுலத்து ஜினான் பகுதியினர். சோவ் மியோ தென்புலத்தில் பிறந்து வளர்ந்தவர். மூதாதையர் மண்ணைக் கண்டறியாதவர். ஜினானில் அரசுப் பணியாற்றித் திரும்பிய சாவ், அங்குள்ள சியாவ், ஹுவா என்னும் இரு மலைகளையும், இடையே விரிந்த நீர்நிலத்தையும், குடில்களையும், மரங்களையும் 1296ஆம் ஆண்டில் சுருள் ஓவியமாகத் தீட்டி நண்பருக்கு அளித்தார். வரைந்த காரணத்தையும் அதிலேயே எழுதிவைத்தார். தைபேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகம் இன்று அதனைப் பேணி வருகிறது.

தமிழில் இதற்கு இணை தேடின், குறிஞ்சிப்பாட்டே முன்னிற்கும். 261 அடிகளையுடைய இப்பாட்டினை, ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தும்பொருட்டுக் கபிலர் பாடினார் என்பது நூலின் பழங்குறிப்பு. வேற்றுமொழியாளன் ஒருவனுக்குத் தமிழின் மேன்மையை உணர்த்தக் கபிலர் அவனை வாதுக்கு அழைத்தாரல்லர். தினைப்புனத்தையும் அருவியையும் மலைப்பூக்களையும் அவன்முன் வைத்தார். பாட்டும் தலைவியின்பொருட்டுத் தோழி செவிலியிடம் கூறும் கூற்றாகவே அமைந்துள்ளது. அறியாதவனை இகழாது, தான் அறிந்ததை அன்போடு பகிர்வதே இலக்கியத்தின் பணி என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இன்றைய வகுப்பறைகளில் நிகழ்வது யாது? குறிஞ்சிப்பாட்டு என்றவுடன் 99 பூக்கள் என்னும் எண்ணிக்கை நினைவுக்கு வருகிறது. தேர்வு முடிந்தவுடன் பூக்கள் உதிர்ந்துவிடுகின்றன. அவ்வரிசையில் முதலில் நிற்பது செங்காந்தள். மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் உழவர்கள் பந்தல் கம்பிகளில் படரவிட்டு வளர்க்கும் கண்வலிக்கிழங்குச் செடியின் பூவே அது. அதன் விதை மருந்துக்காக விலைபோவதை நம் மாணவர் பலர் அறிவர். தந்தையின் தோட்டத்தில் பூப்பதே கபிலர் பாடிய காந்தள் என்பதை மட்டும் அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. வீட்டிலிருப்பது வேறு, ஏட்டிலிருப்பது வேறு என எண்ணும் மாணவனுக்குத் தமிழ் எங்ஙனம் உரிமையாகும்?

மேற்குத் தொடர்ச்சி மலை நம் கோவைக்கு அரணாய் நிற்கிறது. தாவரவியல் துறையினரின் துணையோடு, ஆண்டுக்கொரு நாளேனும் தமிழ் மாணவரை மலையடிவாரத்திற்கு அழைத்துச் செல்லுதல் நம் துறைகளின் கடமை. கண்ட பூவையும் மரத்தையும் ஓடையையும், இம்மண்ணைக் காணாத வேற்றூர் நண்பர் ஒருவருக்கு ஒவ்வொரு மாணவரும் மடலாக எழுதட்டும். தேர்வுத்தாளில் அதற்கும் மதிப்பெண் தரலாம். பிறருக்குச் சொல்ல முயலும்போதுதான் நம் ஊரை நாமே உற்றுநோக்குவோம். உற்றுநோக்கியவர் அதனை எளிதில் அழியவிடார். பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் இம்முயற்சிக்குத் துணைநிற்றல் வேண்டும்.