பட்டாசுக்கு 1,700, சீட்டுக்கு 1,350

2024 மே தினத்தன்று எங்க டிவிஷனில் பட்டாசு வெடித்தார்கள். தம்பி வீடியோ எடுத்து அனுப்பினான். நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று கொட்டகலை மேடையில் ரணில் விக்ரமசிங்க அறிவித்த நாள் அது. நான் கெம்பஸிலிருந்து வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன்.

"என்னம்மா, சம்பளம் கூடிருச்சாமே?"

"டிவில கூடிருச்சு. நம்ம சீட்டுல இன்னும் வரல."

அம்மா பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். பொருளியல் படித்ததில்லை. ஆனா அன்றைக்கு நாட்டில் வந்த சம்பளச் செய்திகளிலேயே சரியான செய்தி அவருடையதுதான். கம்பெனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் அந்த வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டம்பரில், ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய நேரத்தில், அடிப்படைச் சம்பளம் 1,350 என்று விஷயம் முடிந்தது. பட்டாசு வெடித்தது என்னவோ 1,700க்கு.

இது புதுக்கதையும் இல்லை. "ஆயிரம் ரூபாய்" கோஷம் 2015இலேயே மேடையேறிவிட்டது. 2016இல் கூட்டு ஒப்பந்தம் கொடுத்தது 500 ரூபாய் அடிப்படைச் சம்பளம். 2019இல் அது 700 ஆனது. ஆயிரம் வந்து சேர்ந்தது 2021 மார்ச்சில். "தோட்ட மக்களின் கனவு நனவானது" என்று அறிவிப்பாளர்கள் சிரித்தார்கள். ஆறு வருசம் தூங்கினா எந்தக் கனவும் கொஞ்சம் மெலியத்தானே செய்யும்? எவ்வளவு மெலிந்தது என்று டாலரில் பார்ப்போம்.

ஏன் டாலர்? நம்ம கொழுந்து டாலருக்குத்தான் வெளியே போகுது. நம்ம வீட்டு மாவும் பருப்பும் டாலருக்குத்தான் உள்ளே வருது. 2015இல் கேட்ட ஆயிரம் ரூபாய் அன்றைக்கு ஏழு டாலருக்கு மேல். 2021இல் கையில் கிடைத்தபோது சுமார் ஐந்து டாலர். 2022 நெருக்கடியில் அதே ஆயிரம் மூன்று டாலருக்கும் கீழே. அந்த வருசம் கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை ரூபாய்க் கணக்கில் அதுவரை இல்லாத உயரத்துக்கு ஏறியது. ஏறியது தேயிலை, இறங்கியது அதைப் பறித்தவரின் சம்பளம்.

இப்போ கடைசித் தலைப்புக்கு வருவோம். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சொன்ன தொகை 1,750. பிரித்துப் பார்த்தால் கம்பெனி கூட்டுவது 200, வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் கொடுப்பது 200. அதாவது, கம்பெனி கொடுக்க வேண்டிய சம்பளத்தின் ஒரு பங்கை வரிப்பணம் சுமக்குது. அதையும் சேர்த்தால்கூட ஆறு டாலர் வராது. பத்து வருசத்துக்கு முன் கேட்டதைவிட இன்றைக்கு வாங்குவது குறைவு. இதை எந்த நியூஸும் தலைப்பாகப் போடவில்லை.

கம்பெனிகளுக்கு எப்போதும் ஒரே பதில்தான்: உற்பத்தித்திறன். சரி, பேசுவோம். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது கோட்டாபய ராஜபக்ச. மலையில் கொழுந்து குறைந்தது. "ஏன் கிலோ குறையுது?" என்று கேள்வி கேட்டது எங்க அம்மாவிடம். முழுப்பேர் விழ வேண்டிய கிலோ மட்டும் குறையவில்லை. எடுக்க முடியாத நாளில் அரைப்பேர். புல் மண்டிய, வயசான செடியில் கொழுந்தை அம்மா எங்கிருந்து கொண்டு வருவார்?

இன்னொரு கணக்கு. சில மாதம் அம்மாவுக்கு 15 நாள்தான் வேலை. 1,350 வீதம் 20,250. அதில் 8 வீதம் சேமலாப நிதிக்குப் போனால் மிச்சம் 18,630. பிறகு சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம். நாட்சம்பளத்தைத் தலைப்பில் போடுகிறவர்கள் எத்தனை நாள் வேலை என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்களா?

கேமராவுக்கு மலையகம் ஹட்டனோடு முடிந்துவிடும். அது ஊவாவுக்கு வர வேண்டுமென்றால் மண் சரிய வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போனபோது வந்தது. 1,750 தலைப்பு வந்த அதே 2025 நவம்பரின் கடைசியில், டித்வா புயலில் பதுளை மாவட்ட மலைகள் சரிந்தபோது திரும்ப வந்தது. இடைப்பட்ட 11 வருசமும் நாங்கள் இங்கேதான் இருந்தோம். லயமும் இங்கேதான் இருந்தது.

அடுத்த தொகை கட்டாயம் வரும். 2,000 என்றே வைத்துக்கொள்ளுங்க. தேர்தலுக்குப் பக்கத்தில்தான் வரும், கூடையோடு சிரிக்கிற அக்காவின் படமும் கூடவே வரும். ஷேர் பண்ணுவதற்கு முன்னாடி மூன்று கேள்வி மட்டும் கேளுங்க: மாதத்தில் எத்தனை நாள் வேலை? முழுப்பேருக்கு எத்தனை கிலோ? அந்தக் காசுக்குக் கடையில் என்ன கிடைக்கும்? பதில் இல்லாத செய்தியின் கீழே அம்மா சொன்னதைக் கமெண்டாகப் போடுங்க: "நம்ம சீட்டுல இன்னும் வரல."