எந்தத் தேதித் தீர்ப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா என்று கேட்டால் பத்திர எழுத்தர் ஒன்று சொல்கிறார், வாட்ஸ்அப் வேறொன்று சொல்கிறது. '2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும்' என்பது இன்னும் பலர் வாயில் உலவுகிறது. அது 2015-இல் பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஆகஸ்ட் 11 அன்று, வினீதா சர்மா வழக்கில், மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது: கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் அதைக் கிளற முடியாது. இந்தப் பின்பாதியை வசதியாக விழுங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தங்கள் சட்டக் கேள்வி-பதில் பகுதியில் சட்டத்தின் பெயர், பிரிவு, தீர்ப்பின் தேதி ஆகியவற்றைத் தவறாமல் போடுங்கள். சட்ட வாசகம் 'இந்தியா கோடு' தளத்திலும், தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தளத்திலும் இலவசமாகவே கிடைக்கின்றன; தேடிப் படிக்க அந்த விவரம் போதும். வழக்கு என்று வந்தால், பெண்கள் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைக் கேட்கலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். முன்பு தந்த பதில் ஏதேனும் புதிய தீர்ப்பால் செல்லாமல் போயிருந்தால், அதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடலாமே?

ஒரு வாசகி,
திண்டுக்கல்